துருப்பிடித்த தோசைக்கல்லைத் தூக்கிப் போட வேண்டுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மீட்டெடுக்கலாம்!

வீடு மாற்றும்போதுதான் பெரும்பாலும் இது கண்ணில் படும். பரணில், ஏதோ ஒரு பிளாஸ்டிக் பைக்குள், ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய இரும்பு தோசைக்கல். கொடுக்கும்போது மை போலக் கறுப்பாக, பளபளவென்று இருந்தது. இப்போது செங்கல் நிறத்தில், தொட்டால் விரலில் ஒட்டும் பொடியோடு இருக்கிறது. ‘பாட்டி காலத்துக் கல்லாச்சே’ என்று ஒரு தயக்கம். ‘இதுல சுட்டுச் சாப்பிட்டா உடம்புக்கு என்ன ஆகுமோ’ என்று ஒரு பயம். பயம்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறது. கல் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்ட நான்-ஸ்டிக் தவா அடுத்த நாளே வந்து இறங்குகிறது.

கொஞ்சம் பொறுங்கள். துருப்பிடித்த இரும்புக் கல்லில் கெட்டுப்போயிருப்பது மேல்தோல் மட்டும்தான். அதற்குக் கீழே உள்ள இரும்பு அப்படியே இருக்கிறது. நான்-ஸ்டிக் பாத்திரத்தில் பூச்சு உரிந்தால் உரிந்ததுதான், அதை வீட்டில் திரும்பப் பூச முடியாது. இரும்புக் கல்லின் கறுப்புப் பூச்சு அப்படியல்ல. அது உங்கள் வீட்டு அடுப்பும் எண்ணெயும் சேர்ந்து போட்டது. போனால், அதே அடுப்பையும் எண்ணெயையும் வைத்து மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். செலவு என்று பார்த்தால் கொஞ்சம் கல் உப்பு, ஒரு ஸ்க்ரப்பர், இரண்டு ஸ்பூன் எண்ணெய், அரை நாள் நேரம்.

முதலில், இது மீட்கக்கூடிய கல்லா?

எல்லாத் துருப்பிடித்த பாத்திரத்தையும் காப்பாற்ற முடியாது. தேய்க்க உட்காரும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

கல்லை ஒரு கையில் தொங்கவிட்டு, மரக் கரண்டியால் லேசாகத் தட்டுங்கள். ‘கணீர்’ என்று மணி போலச் சத்தம் வந்தால் நல்லது. ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். வார்ப்பிரும்பு என்பது இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிச் செய்வது. அதில் 2 முதல் 4 சதவீதம் வரை கார்பன் இருக்கும். அதனால் கெட்டியாக இருக்கும், ஆனால் வளையாது, உடையும். விரிசல் விட்ட கல் சூடாகும்போது எப்போது வேண்டுமானாலும் இரண்டாகப் பிளக்கலாம். அதற்கு விடை கொடுத்துவிடலாம். (தகட்டிரும்பில் செய்த மெல்லிய கல் விரிசல் விடாது, வளைந்து கோணலாகும். கோணல் கல்லில் மாவு ஒரு பக்கமாக ஓடும், ஆபத்து எதுவும் இல்லை.)

இரண்டாவது, அது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? உங்கள் வீட்டில், உறவினர் வீட்டில் புழங்கிய பாத்திரம் என்றால் பிரச்சினை இல்லை. காயலான் கடையிலோ சந்தையிலோ மலிவாகக் கிடைத்த பழைய இரும்புச் சட்டி என்றால் யோசிக்க வேண்டும். மீன்பிடி வலைக்கான ஈயக்குண்டு வார்ப்பது போன்ற வேலைகளுக்கு இரும்புச் சட்டியில்தான் ஈயத்தை உருக்குவார்கள். ஈயம் ஒருமுறை ஏறிய சட்டியை எவ்வளவு தேய்த்தாலும் சமையலுக்குத் தகுதியாக்க முடியாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நச்சு. பூர்வீகம் தெரியாத சட்டியைச் செடி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அது வெறும் இரும்புதானா? எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரங்களும் இப்போது நிறைய விற்கின்றன. அவற்றுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் எதுவும் பொருந்தாது. எனாமல் சில்லு சில்லாக உள்பக்கம் பெயர்ந்திருந்தால் சமைக்க வேண்டாம்.

இந்த மூன்றையும் தாண்டிவிட்டதா? அப்படியானால் துரு எவ்வளவு பயங்கரமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. சின்னச் சின்னக் குழிகள் விழுந்திருந்தால்கூடக் கவலைப்படாதீர்கள். பழகப் பழக அவற்றில் பாதி நிரம்பிவிடும்.

துரு ஏன் பிடிக்கிறது, ஏன் நிற்காமல் பரவுகிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. இரும்பு அணுக்கள் எலக்ட்ரானை இழக்கின்றன, ஆக்ஸிஜன் அதை வாங்கிக்கொள்கிறது, நடுவில் தண்ணீர் பாலமாக இருக்கிறது. தண்ணீரில் உப்பு கலந்திருந்தால் பாலம் இன்னும் அகலமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஜன்னல் கம்பி முதல் சைக்கிள் வரை சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். காற்றிலேயே ஈரமும் உப்பும் இருக்கின்றன.

அலுமினியமும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆக்ஸைடாக மாறும். ஆனால் அந்த ஆக்ஸைடு படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றிவிடுகிறது. இரும்பின் துரு இந்த வேலையைச் செய்யாது. இரும்பு இருந்த இடத்தைவிட அதிக இடத்தைத் துரு பிடிக்கிறது. அதனால் உப்பி, செதில் செதிலாக உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றைப் பார்க்கிறது, அதுவும் துருவாகிறது. துருவே ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், ஒரு மூலையில் ஆரம்பித்தது சில வாரங்களில் கல் முழுக்கப் பரவிவிடுகிறது.

‘டெல்லி இரும்புத் தூண் 1,600 வருஷமா துருப்பிடிக்காம நிக்குதே?’ என்று கேட்கலாம். அந்தத் தூணின் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அது மேலே ஒரு பாதுகாப்புப் படலத்தை உருவாக்கியிருக்கிறது. நம் தோசைக்கல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கு நாம்தான் படலம் போட வேண்டும்.

அந்தப் படலத்துக்குத்தான் நம் வீடுகளில் ‘பழக்குவது’ என்று பெயர். ‘நல்லாப் பழகின கல்லு’ என்று பாட்டிகள் சொல்வார்களே, அதுதான். எண்ணெயை மெல்லிசாகத் தடவிச் சூடேற்றும்போது, எண்ணெயின் மூலக்கூறுகள் ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று கை கோத்துக்கொள்கின்றன. திரவமாக இருந்த எண்ணெய், பிளாஸ்டிக் போல ஒரு கெட்டிப் படலமாக மாறி இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. வேதியியலில் இதைப் பாலிமராதல் என்பார்கள். கேஸ் அடுப்பைச் சுற்றி எண்ணெய் தெறித்து, மஞ்சளாகி, என்ன தேய்த்தாலும் போகாத பிசுக்கு படிகிறதே, அதுவும் இதே வினைதான். அடுப்பு மேடையில் வந்தால் தொல்லை, கல்லில் வந்தால் வரம்.

இந்தப் படலம் இருக்கும்வரை தண்ணீர் இரும்பைத் தொட முடியாது. எங்கே தேய்ந்து போகிறதோ அங்கே துரு எட்டிப் பார்க்கும். ராத்திரி தோசை சுட்டுவிட்டு, கல்லை அப்படியே சிங்க்கில் தண்ணீர் ஊற்றி ஊறவைப்பது, கழுவிய ஈரத்தோடு மற்ற பாத்திரங்களுக்கு அடியில் கவிழ்த்து வைப்பது, டிஷ்வாஷரில் போடுவது, பிளாஸ்டிக் கவரில் சுற்றிப் பரணில் ஏற்றுவது என்று இதற்கு வழிகள் நிறைய. புளித்த மாவு மிச்சம் கல்லில் காய்ந்து கிடப்பதும் அதே வேலையைச் செய்யும்.

தேய்க்கும் படலம்

பால்கனியோ மொட்டை மாடியோ நல்லது. கீழே செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள். துருப்பொடி டைல்ஸ் இடுக்கில் இறங்கினால் அதைத் தேய்ப்பது தனி வேலையாகிவிடும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வேண்டாம், முதலில் காய்ந்த தேய்ப்பு. லேசான துரு என்றால், ஒரு கைப்பிடி கல் உப்பைக் கல்லில் கொட்டி, சில துளி எண்ணெய் விட்டு, தேங்காய் நாரால் வட்டமாகத் தேய்த்தாலே போதும். உப்பு பழுப்பு நிறமாக மாறும். அதைக் கொட்டிவிட்டுப் புது உப்பு போடுங்கள். இதற்கு மசியாத துருவுக்கு ஸ்டீல் ஸ்க்ரப்பர். செதில் செதிலாக எழும்பி நிற்கும் துருவுக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் உப்புத்தாள். முதலில் 80 நம்பர், பிறகு 120 அல்லது 220. சாம்பல் நிற இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். ‘ஐயோ, பழைய கறுப்புப் பூச்சும் போகிறதே’ என்று கை நடுங்க வேண்டாம். துருவுக்கு மேலே நிற்கும் பூச்சு எப்படியும் நிற்காது. திடமாக ஒட்டியிருக்கும் இடங்களில் மட்டும் விட்டுவிடலாம்.

பெரும்பாலான வீட்டுக் கல்லுக்கு இந்தத் தேய்ப்போடு வேலை முடிந்துவிடும் என்பேன். யூடியூபில் எல்லோரும் எடுத்த எடுப்பில் வினிகரில் முக்குகிறார்கள். கைவலி மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அமிலம் துருவை மட்டும் தின்னும், இரும்பை விட்டுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். துரு தீர்ந்ததும் அது இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும்.

எனவே வினிகர் இரண்டாம் கட்டம்தான். தேய்த்த பிறகும் குழிகளுக்குள், ஓரங்களில் துரு மிச்சம் இருந்தால், சமையலுக்கு விற்கும் வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து கல்லை முக்குங்கள். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு போய்விட்டதென்றால் அந்த நிமிடமே வெளியே எடுத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க ஊறவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் புதுக் குழிகள் விழுந்த கல்தான் மிஞ்சும்.

வினிகர் இல்லையென்றால் புளி இருக்கிறது. எலுமிச்சை அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்துப் பூசி, ஊறவிட்டுத் தேய்க்கலாம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்யும் வேலையை இரும்புக்கும் செய்யும். சில வீடுகளில் புதுக் கல்லைச் சோறு வடித்த கஞ்சியில் மூன்று நான்கு நாள் ஊறவைப்பார்கள், தினமும் கஞ்சியை மாற்றி. நாள்பட்ட கஞ்சி புளிக்கும்போது லாக்டிக் அமிலம் உருவாகிறது. மெதுவான, முரட்டுத்தனம் இல்லாத அமிலம். லேசான துருவுக்கு இது நல்ல வழி. செதில் கட்டிய துருவுக்கு இதை நம்பி உட்கார்ந்திருந்தால் வாரம் போய்விடும். கோலா பானத்தில் ஊறவைக்கும் வீடியோக்களும் சுற்றுகின்றன. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது என்பதால் வேலை செய்யும்தான். ஆனால் கல்லை முக்கும் அளவுக்குக் கோலா வாங்கும் காசில் வினிகர் வாங்கிவிடலாம், பிசுபிசுப்பும் இருக்காது.

செய்யவே கூடாதது பாத்ரூம் ஆசிட். ‘ரெண்டு நிமிஷத்துல பளிச்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரும்பையும் அரிக்கும், அதன் புகை நுரையீரலையும் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு தவறிக் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். பேட்டரி சார்ஜரை மாட்டி மின்பகுப்பு முறையில் துரு எடுக்கும் வீடியோக்களையும் சமையலறையில் முயல வேண்டாம். முறை நல்ல முறைதான். ஆனால் ஹைட்ரஜன் வாயு வெளியாகும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மின்முனையாக வைத்தால் நச்சான குரோமியம் சேர்மங்கள் உருவாகும். ஒரு தோசைக்கல்லுக்காக இவ்வளவு ரிஸ்க் எதற்கு? கல்லை விறகு நெருப்பில் தூக்கிப் போட்டுச் சிவக்கக் காய்ச்சுவதும் வேண்டாம். கல் கோணும், விரிசல் விடும்.

அந்த ஐந்து நிமிடம்

தேய்ப்பது வரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். கோட்டை விடுவது அடுத்த ஐந்து நிமிடத்தில்.

துரு போன கல்லைப் பாத்திரம் கழுவும் லிக்விடும் வெந்நீரும் விட்டு நன்றாகக் கழுவுங்கள். அமிலம் போட்டிருந்தால், ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். இப்போது உங்கள் கையில் இருப்பது எந்தப் பாதுகாப்பும் இல்லாத நிர்வாண இரும்பு. துணியால் துடைத்துவிட்டு, போன் வந்தது என்று ஒரு பத்து நிமிடம் நகர்ந்தால் போதும், மறுபடியும் ஆரஞ்சு நிறம் படர்ந்திருக்கும். ‘இவ்வளவு தேய்ச்சும் போகலையே’ என்று பலர் அலுத்துக்கொள்வது உண்மையில் பழைய துருவைப் பார்த்து அல்ல, அந்தப் பத்து நிமிடத்தில் பிடித்த புதுத் துருவைப் பார்த்துத்தான்.

எனவே கழுவுவதற்கு முன்பே துணி, எண்ணெய், அடுப்பு மூன்றும் தயாராக இருக்கட்டும். கழுவு, துடை, உடனே அடுப்பில் ஏற்று. சிறு தீயில் வைத்து, ஓரங்களில் உள்ள ஈரம்கூட ஆவியாகும்வரை சூடாக்குங்கள்.

எந்த எண்ணெய், எவ்வளவு?

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரி படலமாக மாறாது. நிறைவுறாக் கொழுப்பு அதிகம் உள்ள எண்ணெய்கள்தான் நன்றாகக் கை கோக்கும். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. எனவே கல் பழக்க அது அவ்வளவு உகந்ததில்லை. நல்லெண்ணெயில் சுமார் 40 சதவீதம் லினோலெயிக் அமிலம் என்ற நிறைவுறாக் கொழுப்பு அமிலம் இருக்கிறது. நம் வீடுகளில் தோசைக்கும் கல்லுக்கும் நல்லெண்ணெயையே பிடித்துக்கொண்டிருந்ததில் வேதியியல் தெரியாமலே ஒரு நியாயம் இருந்திருக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் இதற்கு நன்றாகவே உதவும். கடலை எண்ணெயும் பரவாயில்லை. ஆளிவிதை எண்ணெய் மிகக் கெட்டியான படலம் தரும் என்று இணையத்தில் கொண்டாடுகிறார்கள். தரும்தான், ஆனால் நாளாவட்டத்தில் ஓடு ஓடாகப் பெயரும் குணமும் அதற்கு உண்டு. விலையும் அதிகம். வீட்டில் இருக்கும் எண்ணெயே போதும்.

சூடான கல்லில் அரை ஸ்பூன் எண்ணெய் விட்டு, பழைய பருத்தித் துணியால் முன்பக்கம், பின்பக்கம், கைப்பிடி என்று எல்லா இடத்திலும் தடவுங்கள். சூடு ஜாக்கிரதை. பிறகு வேறொரு காய்ந்த துணியை எடுத்து, தடவிய எண்ணெயை எல்லாம் துடைத்து எடுங்கள். ஆமாம், முழுவதும்தான். பார்த்தால் எண்ணெய் இருப்பதே தெரியக் கூடாது. விரலை வைத்தால் மட்டும் லேசாக வழவழப்பு தெரிய வேண்டும். தாராளமாக எண்ணெய் விட்டால் சீக்கிரம் பழகிவிடும் என்று நினைத்துத்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். தடிமனான எண்ணெய் முழுதாகக் கெட்டிப்படாது. கோந்து மாதிரி பிசுபிசுவென்று நிற்கும், சில நாளில் காறல் வாடை அடிக்கும்.

இப்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு, மிதமான தீயில் சூடேற்றுங்கள். லேசாகப் புகை எழும்பும். புகை அடங்கும்வரை, பத்து முதல் பதினைந்து நிமிடம் விடுங்கள். கேஸ் பர்னர் நடுவில் மட்டுமே சூடாக்கும். எனவே கல்லை ஓரம் ஓரமாக நகர்த்தி வைத்துக் காட்ட வேண்டும். அணைத்துவிட்டு ஆறவிடுங்கள். மறுபடியும் அதே மெல்லிய எண்ணெய், அதே துடைப்பு, அதே சூடு. மூன்று நான்கு முறை செய்ததும் சாம்பல் நிறம் பழுப்பாகி, பழுப்பு கறுப்பை நோக்கி நகர்ந்திருக்கும்.

வீட்டில் ஓடிஜி இருந்து, கல் அதற்குள் நுழையுமானால் வேலை இன்னும் சுலபம். 200 முதல் 230 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம், கல்லைக் கவிழ்த்து வைத்து, பிறகு உள்ளேயே ஆறவிடலாம். மரக் கைப்பிடி இருந்தால் ஓவன் வேண்டாம்.

எல்லாம் முடிந்தும் பிசுபிசுப்பு இருந்தால் எண்ணெய் கூடிவிட்டது, அல்லது சூடு போதவில்லை. எண்ணெய் எதுவும் தடவாமல் இன்னொரு முறை சூடேற்றுங்கள், சரியாகிவிடும்.

முதல் வாரத்துச் சமையல்

பழக்கிய அன்றே பேப்பர் ரோஸ்ட் ஆசைப்பட வேண்டாம். முதலில் எண்ணெய் தாராளமாகக் கேட்கும் சமையல். கல்லென்றால் நறுக்கிய வெங்காயத்தை எண்ணெய் விட்டுக் கருக வதக்கி எடுத்துப் போடுங்கள். பிறகு தடிமனான ஊத்தப்பம், எண்ணெய் சுற்றி விட்டு. கடாயென்றால் அப்பளம், பூரி, வடை. ஒவ்வொரு முறை எண்ணெய் காயும்போதும் படலம் ஒரு நூல் தடிமன் கூடுகிறது.

தக்காளித் தொக்கு, புளிக்குழம்பு, ரசம் எல்லாம் இரும்புச் சட்டியில் இப்போதைக்கு வேண்டாம். புளிப்பு, படலத்தை உரித்துவிடும். குழம்பிலும் இரும்பு வாடை ஏறும். நன்றாகப் பழகிய சட்டியிலும் புளிக்குழம்பு வைத்தால் வெந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். வாழைப்பூ, வாழைக்காய், கத்தரிக்காய் இரும்பில் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறமாகின்றன. கடுக்காயையும் இரும்பையும் வைத்து அந்தக் காலத்தில் மை தயாரித்தது இதே முறையில்தான். பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான்.

‘சப்பாத்தி போட்ட கல்லுல தோசை வராது’ என்று வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? திட்டியவர் சொன்னது சரி. சப்பாத்திக்குக் கல்லை எண்ணெய் இல்லாமல் அதிகச் சூட்டில் நீண்ட நேரம் காயவைக்கிறோம். அதில் படலம் கருகித் தேய்கிறது, மாவுப் பொடியும் எரிந்து படிகிறது. அடுத்து ஊற்றும் தோசை ஒட்டத்தான் செய்யும். இடம் இருந்தால் இரண்டு கல் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கும் பழைய வழி இருக்கவே இருக்கிறது. வெங்காயத்தில் மாயம் எதுவும் இல்லை; கொதிக்கும் கல்லில் துணி கருகும், வெங்காயம் கருகாது. எண்ணெயை மெல்லிசாகப் பரப்ப அதைவிட மலிவான தூரிகை கிடையாது.

கல் அதிகம் காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளிப்பது நம் வழக்கம். தெளிக்கலாம். ஆனால் ஒரு செம்புத் தண்ணீரைச் ‘சுர்ர்’ என்று ஊற்றிக் குளிரவைக்காதீர்கள். வார்ப்பிரும்பு அதில் விரிசல் விடும். இண்டக்‌ஷன் அடுப்பில் வைப்பவர்களுக்கும் இதே ஆபத்து வேறு வடிவில் உண்டு. எடுத்த எடுப்பில் 2000 வாட்டில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் சட்டென்று சூடாகி, கல் கோணலாகவோ விரிசலாகவோ வாய்ப்புண்டு. குறைந்த சூட்டில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள்.

துரு உடம்புக்குள் போனால்?

இந்தக் கேள்விதான் நிறைய கல்லைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பியிருக்கிறது. துரு என்பது இரும்பு ஆக்ஸைடு. கொஞ்சம் வயிற்றுக்குள் போய்விட்டால் ஆரோக்கியமாக இருப்பவருக்கு விஷமாகாது. ஆனால் உணவின் ருசியைக் கெடுக்கும் என்பதால் துருவோடு சமைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ‘துரு பட்டா டெட்டனஸ் வரும்’ என்ற பயம் வேறு இருக்கிறது. டெட்டனஸைக் கொண்டுவருவது துரு அல்ல. மண்ணில் வாழும் கிளாஸ்டிரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா, காயத்தின் வழியே உள்ளே போனால் வருவது. தோசைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

துணியால் துடைக்கும்போது கறுப்பாக ஒட்டினால்? அது துரு இல்லை. சரியாக ஒட்டாத கருகிய எண்ணெயும் கரியும்தான். சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒட்டினால்தான் துரு.

மறுபக்கம், ‘இரும்புச் சட்டியில சமைச்சா ரத்தசோகையே வராது’ என்ற பிரசாரமும் நடக்கிறது. இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. சாதாரண எண் இல்லை இது. இரும்புப் பாத்திரத்தில் சமைக்கும்போது, குறிப்பாகப் புளிப்பான, ஈரமான உணவில், இரும்பு கொஞ்சம் கலக்கிறது என்பது உண்மை. எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் நடத்தி 1999-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், அலுமினியப் பாத்திரத்தில் சமைத்த வீடுகளைவிட இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீடுகளின் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் நன்றாக உயர்ந்தது. ஆனால் கம்போடியாவில், குழம்பில் போட்டுக் கொதிக்கவைக்கும் மீன் வடிவ இரும்புக் கட்டியை வைத்துப் பின்னாளில் நடந்த ஓர் ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை. அங்கே பலருக்கு ரத்தசோகைக்குக் காரணமே இரும்புச்சத்துக் குறைவு இல்லை.

தோசை கல்லில் ஓரிரு நிமிடமே கிடக்கிறது. நன்றாகப் பழகிய கல்லில் எண்ணெய்ப் படலம் வேறு நடுவில் நிற்கிறது. எனவே தோசைக்கல்லை மாத்திரையாக நினைக்க வேண்டாம். ரத்தசோகை இருந்தால் டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். துருவையே சத்தாக எண்ணிவிடவும் வேண்டாம், அந்த வடிவத்தில் உள்ள இரும்பை உடல் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். தலசீமியா, ஹீமோகுரோமடோசிஸ் போன்ற, உடலில் இரும்பு அதிகமாகச் சேரும் நோய் உள்ளவர்கள் இரும்புப் பாத்திரத்தில் சமைப்பது பற்றி மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

மறுபடி பரணுக்குப் போகாமல் இருக்க

தினசரிப் பராமரிப்பு சுருக்கமானது. கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கழுவுங்கள். ‘சோப்பு போடவே கூடாது’ என்பது பழைய சோப்பு காலத்து விதி. காரம் மிகுந்த சோப்பு படலத்தைக் கரைக்கும் என்பதால் வந்தது. இன்றைய டிஷ்வாஷ் லிக்விட் ஒன்றிரண்டு சொட்டு போட்டால் ஒன்றும் ஆகாது. சொரசொரப்பான பார் சோப்பையும் ஸ்டீல் ஸ்க்ரப்பரையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். வீட்டு வேலைக்கு உதவிக்கு வருபவர் இருந்தால் இந்தக் கல்லைச் சிங்க்கில் போடாமல் நீங்களே கழுவிவிடுவது எல்லோருக்கும் நிம்மதி. கழுவியதும் ஒரு நிமிடம் அடுப்பில் காட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, துடைத்து வையுங்கள்.

ஆபீஸ், ஸ்விகி, சொமேட்டோ என்று ஓடும் வாரங்களில் கல்லை எடுக்கவே நேரம் இருக்காது என்றால், அல்லது மழைக்காலத்தில் பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், எண்ணெய் தடவித் துடைத்த கல்லைப் பருத்தித் துணியிலோ பழுப்புத் தாளிலோ சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வையுங்கள். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் வெளியே போகாது. திரும்பி வந்து பார்க்கும்போது ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத் துரு தெரிந்தால், கொஞ்சம் கல் உப்பு, தேங்காய் நார், அரை ஸ்பூன் நல்லெண்ணெய். தேய்த்து, கழுவி, அடுப்பில் காட்டி, எண்ணெய் தடவித் துடைக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. அன்றைக்கே தோசை ஊற்றலாம்.